சாய்வான வெல்டில் தகைவு கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிடெக்னிக் மாணவர்களுக்கும், ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்களுக்கும் இந்தக் கணக்கைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். தவறுகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கின்றன, அதாவது கோணத்தில். அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தகைவு என்று இங்கே எழுதுவது, பட்டறையில் ஸ்ட்ரெஸ் என்று சொல்லும் அதே விஷயம்தான். ஒரு பரப்பின் மீது வரும் விசையை அந்தப் பரப்பால் வகுத்தால் வருவது. அலகு மெகா பாஸ்கல். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் என்றாலும் அதுவேதான்.

தகட்டை நேராகத்தானே இழுக்கிறோம்? வெல்டில் மட்டும் எப்படி இரண்டு வகைத் தகைவு வருகிறது?

தகட்டின் நீளவாக்கில் இழுக்கிறோம். வெல்டு அதற்கு நேர் குறுக்கே ஓடினால், இழுவிசை வெல்டின் முகத்தை நேராகப் பிரிக்கப் பார்க்கும். அங்கே செங்குத்துத் தகைவு மட்டும்தான். வெல்டு சாய்வாக ஓடினால், அதே விசை இரண்டு வேலை செய்கிறது. ஒரு பகுதி இரண்டு துண்டுகளையும் பிரித்து இழுக்கிறது, மறு பகுதி ஒன்றின் மேல் ஒன்றை வெல்டு கோட்டின் வழியே சறுக்கப் பார்க்கிறது. முதலாவது செங்குத்துத் தகைவு. இரண்டாவது ஷியர் தகைவு. பாடநூலில் அதைச் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு என்பார்கள்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் வெல்டே இல்லாவிட்டாலும், அந்தச் சாய்வான தளத்தில் இதே இரண்டு தகைவுகளும் இருக்கத்தான் செய்யும். வெல்டு அவற்றைப் புதிதாக உண்டாக்குவதில்லை. நாம் நம்பிக்கை குறைவாக வைத்திருக்கும் ஒரு தளம் அங்கே இருப்பதால் அதைத் தனியாகக் கணக்குப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

சூத்திரத்தில் எந்தக் கோணத்தைப் போடுவது?

இதுதான் எல்லோரும் வழுக்கும் இடம்.

ஒரே வெல்டைப் பற்றி "60 டிகிரி" என்றும் சொல்லலாம், "30 டிகிரி" என்றும் சொல்லலாம். வெல்டு கோட்டுக்கும் தகட்டின் அச்சுக்கும் இடையே அளந்தால் 60. நேர் குறுக்காக வெட்டியிருந்தால் எப்படி இருக்குமோ, அந்த நேர்வெட்டிலிருந்து அளந்தால் 30. இரண்டும் சரிதான். ஆனால் ஒன்றுக்கு எழுதிய சூத்திரத்தில் மற்றதைப் போட்டால் விடை கெட்டுப்போகும்.

நான் எப்போதும் நேர்வெட்டிலிருந்து விலகிய கோணத்தையே எடுக்கிறேன். இந்தப் பக்கம் முழுவதும் அதையே "சாய்வு" என்று எழுதுகிறேன். வெல்டு முகத்துக்குச் செங்கோடு வரைந்தால், அந்தச் செங்கோட்டுக்கும் விசையின் திசைக்கும் இடையே இருக்கும் கோணமும் இதேதான். சாய்வு பூஜ்யம் என்றால் நேர்வெட்டு. சாய்வு 90 டிகிரி என்றால் வெல்டு தகட்டின் நீளவாக்கிலேயே ஓடுகிறது என்று பொருள்.

அப்போது சூத்திரம் இப்படி:

செங்குத்துத் தகைவு = (விசை ÷ நேர்வெட்டுப் பரப்பு) × காஸ்² சாய்வு

ஷியர் தகைவு = (விசை ÷ நேர்வெட்டுப் பரப்பு) × சைன் சாய்வு × காஸ் சாய்வு

கோணம் அச்சிலிருந்து கொடுக்கப்பட்டிருந்தால் 90-லிருந்து கழித்துவிட்டு இதில் போடுங்கள். இரண்டு வகைச் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யாதீர்கள். பரீட்சை மேசையில் இரண்டும் கலந்துபோகும்.

இந்தத் தவறு ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சைனையும் காஸையும் பெருக்கும்போது 30-ஐப் போட்டாலும் 60-ஐப் போட்டாலும் ஒரே எண் வரும். ஆகவே கோணத்தை மாற்றிப் போட்டவருக்கும் ஷியர் சரியாகவே வந்துவிடும். பக்கத்தில் இருப்பவரின் விடையோடு ஷியரை ஒப்பிட்டுவிட்டு, "சரி, ஒத்துப்போகிறது" என்று எழுந்துவிடுவார். செங்குத்துத் தகைவோ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து கிடக்கும். காஸ்² 30 என்பது 0.75, காஸ்² 60 என்பது 0.25. பாதுகாப்பான பக்கத்தில் தவறினாலாவது பரவாயில்லை, இது ஆபத்தான பக்கம்.

நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், வரைபடத்தில் "60°" என்று மட்டும் எழுதி, எந்தக் கோட்டிலிருந்து என்று அம்புக்குறி போடாமல் விட்டிருந்தார்கள். வெட்டியவர் மூலைமட்டத்தை வைத்து நேர்வெட்டிலிருந்து 60 எடுத்துவிட்டார். ஒரு நாள் வேலையும் நான்கு தகடுகளும் போயின. அன்றிலிருந்து கோணத்தை எழுதும்போது எதற்கும் எதற்கும் இடையே என்று சேர்த்தே எழுதுகிறேன்.

காஸ் ஏன் இரண்டு முறை வருகிறது?

வெள்ளரிக்காயை நேராக வெட்டினால் சின்ன வட்டம் வரும், சாய்த்து வெட்டினால் நீளமான பெரிய துண்டு வரும். வெல்டிலும் அப்படித்தான். சாய்வாக வெட்டியதும் பரப்பு பெரிதாகிறது, நேர்வெட்டுப் பரப்பைக் காஸால் வகுத்த அளவுக்கு. அது ஒரு காஸ்.

இரண்டாவது காஸ் விசையைப் பிரிப்பதால் வருவது. முழு விசையும் முகத்துக்குச் செங்குத்தாக இல்லை. விசை பெருக்கல் காஸ் மட்டும்தான் செங்குத்தாக இருக்கிறது. குறைந்த விசையைக் கூடிய பரப்பால் வகுக்கிறோம், அதனால் காஸ் இரட்டிப்பாகிறது. ஷியருக்கு, விசையில் சைன் பங்கு, பரப்பில் காஸ் பங்கு.

மாணவர்கள் அதிகம் செய்யும் இரண்டாவது தவறு இங்கேதான். விசையைப் பிரித்துவிட்டுப் பரப்பைப் பழைய நேர்வெட்டுப் பரப்பாகவே விட்டுவிடுவார்கள். சூத்திரத்தை மறந்துவிட்டால்கூடப் பரவாயில்லை. வெல்டின் உண்மையான நீளத்தைக் கண்டுபிடித்துத் தடிமனால் பெருக்குங்கள், விசையை இரண்டாகப் பிரியுங்கள், வகுங்கள். விடை வந்துவிடும்.

ஒரு முழுக் கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?

100 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் கொண்ட தகடு. இழுவிசை 80 கிலோ நியூட்டன், கிட்டத்தட்ட 8 டன். வெல்டு முழு ஊடுருவல் உள்ள பட் வெல்டு, அதாவது இரண்டு தகடுகளின் ஓரங்களையும் நேருக்கு நேர் வைத்து, தடிமன் முழுவதும் உருக்கிச் சேர்த்தது. வெல்டு கோடு தகட்டின் நீள விளிம்போடு 60 டிகிரி.

முதலில் கோணம். விளிம்பிலிருந்து 60 என்றால் நம் சாய்வு 30.

நேர்வெட்டுப் பரப்பு 1000 சதுர மி.மீ. தகட்டில் தகைவு 80 மெகா பாஸ்கல்.

செங்குத்துத் தகைவு: 80 × 0.75 = 60 மெகா பாஸ்கல்.
ஷியர் தகைவு: 80 × 0.5 × 0.866 = 34.6 மெகா பாஸ்கல்.

இப்போது சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு, நேரடியாகப் போட்டுப் பார்ப்போம். வெல்டின் நீளம் 100 ÷ 0.866 = 115.5 மி.மீ. பரப்பு 1155 சதுர மி.மீ. செங்குத்து விசை 80 × 0.866 = 69.3 கிலோ நியூட்டன். சறுக்கு விசை 80 × 0.5 = 40 கிலோ நியூட்டன். 69,300-ஐ 1155-ஆல் வகுத்தால் 60. 40,000-ஐ 1155-ஆல் வகுத்தால் 34.6. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

விடை சரிதானா என்று வேகமாகப் பார்க்க வழி உண்டா?

இரண்டு வழிகள் உண்டு. ஷியரைச் செங்குத்துத் தகைவால் வகுத்தால் சாய்வின் டேன் வரவேண்டும். மேலே 34.6 ÷ 60 = 0.577, அது டேன் 30. கோணத்தை மாற்றிப் போட்டிருந்தால் 1.73 வந்து காட்டிக்கொடுத்துவிடும். சாய்வு 45-க்குக் குறைவாக இருக்கும் வெல்டில் ஷியர் செங்குத்துத் தகைவைத் தாண்டவே கூடாது.

இன்னொன்று: வெல்டுக்கு நேர் செங்குத்தான தளத்தின் செங்குத்துத் தகைவையும் கணக்கிட்டு இரண்டையும் கூட்டுங்கள். 60 + 20 = 80. தகட்டின் தகைவே திரும்பக் கிடைக்கவேண்டும். எந்தக் கோணத்திலும் இது மாறாது.

ஷியர் எந்தக் கோணத்தில் அதிகம்?

45 டிகிரியில். அப்போது ஷியர், தகட்டின் தகைவில் சரிபாதி. செங்குத்துத் தகைவும் அங்கே சரிபாதிதான். அதற்கு மேல் சாய்த்தால் ஷியர் மறுபடி குறையும்.

அனுமதித்த தகைவுகளைக் கொடுத்து, எவ்வளவு விசை தாங்கும் என்று கேட்டால்?

இரண்டு விசைகளைத் தனித்தனியாகக் கண்டுபிடித்து, சின்னதை எடுக்கவேண்டும். அதே 1000 சதுர மி.மீ. தகடு, வெல்டில் அனுமதிக்கும் செங்குத்துத் தகைவு 120, ஷியர் 70 மெகா பாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம்.

சாய்வு 15 என்றால், செங்குத்துத் தகைவின்படி 129 கிலோ நியூட்டன், ஷியரின்படி 280. ஆகவே 129. சாய்வு 45 என்றால், செங்குத்தின்படி 240, ஷியரின்படி 140. ஆகவே 140. சாய்வு 30 என்றால், 160-உம் 162-உம் கிட்டத்தட்ட ஒன்றாக வருகின்றன. ஆகவே 160.

45 வரையுள்ள சாய்வுகளில் மிகச் சிறந்தது, இரண்டு வரம்பும் ஒரே நேரத்தில் எட்டப்படும் சாய்வு. அனுமதித்த ஷியரை அனுமதித்த செங்குத்துத் தகைவால் வகுத்தால் அதன் டேன் கிடைக்கும்: 70 ÷ 120 = 0.583, அதாவது 30.3 டிகிரி.

ஆனால் இங்கேயே நின்றுவிடாதீர்கள். தகடு 250 மெகா பாஸ்கல் யீல்டு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு) உள்ள சாதாரண மைல்டு ஸ்டீல், பழைய அனுமதித் தகைவு முறையில் அதன் 60 சதவீதம், 150 மெகா பாஸ்கல்தான் இழுவிசைக்கு அனுமதி என்றால், தகடே 150 கிலோ நியூட்டனில் நின்றுவிடும். வெல்டு 160 தாங்கும் என்பதால் ஒரு பயனும் இல்லை. பாடநூல் கணக்குகள் பல இந்தக் கடைசி வரியைக் கேட்பதில்லை. வேலையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அப்படியானால் சாய்த்துப் பற்றவைத்தால் பலம் கூடுமா?

வெல்டு தகட்டைவிடப் பலவீனமாக இருந்தால் மட்டும். பசை போட்டு ஒட்டும் மர இணைப்பில் இது மிகவும் உண்மை. பசை இழுவைக்கு மரத்தைவிடப் பலவீனம் என்பதால் நீளமாகச் சரித்து ஒட்டுவார்கள். எஃகில், சரியான எலக்ட்ரோடில் முழு ஊடுருவலோடு செய்து, பரிசோதனையும் முடிந்த பட் வெல்டைத் தாய்த்தகட்டுக்குச் சமமாகவே எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 800:2007 எடுத்துக்கொள்கிறது. அங்கே நேர்வெட்டே போதும். சாய்த்தால் வெட்டும் நீளம், பெவல் (விளிம்பைச் சரித்துச் செதுக்குவது) எடுக்கும் நேரம், எலக்ட்ரோடு செலவு எல்லாம் கூடும். 60 டிகிரி சாய்வில் வெல்டு நீளம் அப்படியே இரட்டிப்பாகும்.

அலுமினியம் வேறு விஷயம். சூடேற்றிப் பதப்படுத்திய 6061 போன்ற கலவைகளில் வெல்டை ஒட்டிய பட்டை வெப்பத்தால் மென்மையாகிவிடும். அந்தப் பலவீனமான பட்டை நேர் குறுக்காக ஓடாமல் சரிந்து ஓடுவது உதவியாக இருக்கும்.

என் கருத்து இது: வேலைக்குச் சாய்வு தேவைப்படும் இடத்தில் சாய்வு வைத்துக் கணக்குப் போடுங்கள். மோசமான வெல்டைக் காப்பாற்றுவதற்காகச் சாய்க்காதீர்கள். ரூட்டில், அதாவது வெல்டின் அடிப்பகுதியில், ஊடுருவல் இல்லாத வெல்டை எந்தக் கோணமும் காப்பாற்றாது, ஏனென்றால் நாம் வகுத்த பரப்பே அங்கே இல்லை.

செங்குத்துத் தகைவையும் ஷியரையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?

சும்மா கூட்டக்கூடாது. ஐ.எஸ். 800 ஃபில்லெட் வெல்டுக்கு (இரண்டு தகடுகள் சேரும் மூலையில் முக்கோணமாகப் போடுவது) சொல்லும் முறை: செங்குத்துத் தகைவின் வர்க்கத்தோடு, ஷியரின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கவேண்டும். நம் எண்களில் 60² + 3 × 34.6² ≈ 7200. வர்க்கமூலம் 84.9.

கூர்ந்து கவனிப்பவர்கள் இங்கே நிறுத்திக் கேட்பார்கள்: "தகட்டில் தகைவு 80-தானே, வெல்டில் எப்படி 84.9?" நல்ல கேள்வி. விடை, விட்டுப்போன ஒரு தகைவில் இருக்கிறது. வெல்டின் நீளவாக்கிலேயே இழுக்கும் 20 மெகா பாஸ்கல் ஒன்று இருக்கிறது. சற்று முன்பு சரிபார்க்கும்போது பார்த்த அதே 20. அதையும் பல தகைவுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கும் வான் மீசஸ் சூத்திரத்தில் முழுமையாகச் சேர்த்தால், 60² − 60 × 20 + 20² + 3 × 34.6² ≈ 6400. வர்க்கமூலம் சரியாக 80. தகடு ஒன்றுதான், அதில் நாம் எந்தக் கோணத்தில் கோடு போட்டாலும் இந்த எண் மாறாது.

ஃபில்லெட் வெல்டின் விதிகள் நீளவாக்கில் வரும் அந்தத் தகைவை வேண்டுமென்றே விட்டுவிடுகின்றன. ஐரோப்பிய விதிநூலும் அப்படித்தான். விட்டதால் விடை இங்கே கொஞ்சம் கூடி, பாதுகாப்பான பக்கம் நிற்கிறது.

குடிநீர்க் குழாய்களில் ஸ்பைரலாக வெல்டு ஓடுகிறதே, அதை எப்படிக் கணக்கிடுவது?

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. சாய்வான வெல்டு உண்மையிலேயே தேவையால் பிறந்த இடம். நீளமான எஃகுப் பட்டையைச் சுருள் சுருளாக வளைத்து, ஓரத்தோடு ஓரம் பற்றவைத்துக் குழாய் செய்கிறார்கள். ஒரே அகலப் பட்டையில் பல விட்டங்களில் குழாய் செய்யலாம், சுற்றும் கோணத்தை மாற்றினால் போதும்.

கோணம் எவ்வளவு? பட்டையின் அகலத்தைக் குழாயின் சுற்றளவால் வகுத்தால் சாய்வின் சைன் கிடைக்கும். இங்கேயும் சாய்வு என்பது குழாயின் நேர்வெட்டு வட்டத்திலிருந்து அளப்பதுதான். 1016 மி.மீ. விட்டம், 1500 மி.மீ. பட்டை என்றால் சுற்றளவு 3192; 1500 ÷ 3192 = 0.47, சாய்வு 28 டிகிரி.

இனி அழுத்தம். குழாய்க்குள் 1.5 மெகா பாஸ்கல், அதாவது ஏறத்தாழ 150 மீட்டர் உயரத் தண்ணீர். சுவர் 10 மி.மீ., உள் ஆரம் 498. இங்கே இரண்டு திசையில் இழுவை இருக்கிறது. குழாயைச் சுற்றி வரும் வளையத் தகைவு: 1.5 × 498 ÷ 10 = 74.7. முனைகள் மூடியிருந்தால் நீளவாக்கில் அதில் பாதி, 37.35.

இரண்டு இழுவைகள் உள்ளபோது சூத்திரமும் இரண்டு உறுப்புகளாகிறது:

செங்குத்துத் தகைவு = நீளத் தகைவு × காஸ்² சாய்வு + வளையத் தகைவு × சைன்² சாய்வு

ஷியர் = இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் × சைன் சாய்வு × காஸ் சாய்வு

28 டிகிரிக்கு, செங்குத்துத் தகைவு 37.35 × 0.78 + 74.7 × 0.22 = 45.6. ஷியர் 37.35 × 0.4145 = 15.5.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். குழாயின் நீளவாக்கில் நேராக ஒரே வெல்டு போட்டிருந்தால், அது முழு 74.7-ஐயும் செங்குத்தாகத் தாங்கவேண்டும். ஸ்பைரல் வெல்டுக்கு அதில் 61 சதவீதம்தான். இதைக் கேட்டதும் ஸ்பைரல்தான் எப்போதும் சிறந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு மீட்டர் குழாய்க்கு நேர் வெல்டு ஒரு மீட்டர். ஸ்பைரல் வெல்டோ, ஒன்றை சைன் 28-ஆல் வகுத்தால், 2.13 மீட்டர். தகைவு குறைவு, ஆனால் குறை ஒளிந்துகொள்ள இடம் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கோள வடிவத் தொட்டியில் இந்தத் தலைவலியே இல்லை. எல்லாத் திசையிலும் ஒரே தகைவு என்பதால் வித்தியாசம் பூஜ்யம். வெல்டு எந்தப் பக்கம் ஓடினாலும் அழுத்தத்தால் ஷியர் வராது.

மண்ணில் புதைத்த குழாய்க்கும் அதே எண்கள்தானா?

இல்லை. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். நீளமாகப் புதைத்த குழாயை மண் இறுகப் பிடித்துக்கொள்வதால், அதனால் நீளவாக்கில் சுருங்கவோ நீளவோ முடியாது. அப்போது அழுத்தத்தால் வரும் நீளத் தகைவு வளையத் தகைவில் பாதியாக இருக்காது. பாய்சான் விகிதப் பங்குதான் (ஒரு திசையில் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்ற விகிதம்), எஃகுக்கு 0.3. நம் குழாயில் 22.4.

செங்குத்துத் தகைவு 22.4 × 0.78 + 74.7 × 0.22 = 33.9. அது குறைந்துவிட்டது. ஆனால் வித்தியாசம் பெரிதானதால் ஷியர் 15.5-லிருந்து 21.7-க்கு ஏறிவிட்டது. வெயிலும் குளிரும் மாறினால் நீளவாக்கில் இன்னும் தகைவு சேரும், அதையும் நீளத் தகைவோடு கூட்டிவிட்டுத்தான் சூத்திரத்துக்குள் போகவேண்டும்.

ஃபில்லெட் வெல்டுக்கும் இந்த காஸ்² சூத்திரம் பொருந்துமா?

பொருந்தாது. பட் வெல்டில் வெல்டு முகம் எங்கே என்று தெரியும். ஃபில்லெட்டில் முக்கோணத்தின் மிகக் குறுகிய இடமான த்ரோட்தான் உடையும் தளம் என்று எடுத்துக்கொள்கிறோம். எந்தத் திசையிலிருந்து விசை வந்தாலும், மொத்த விசையை த்ரோட் பரப்பால் வகுத்து அதை ஷியராகவே வைத்து ஒப்பிடுவதுதான் எளிய முறை.

உதாரணமாக ஒரு சாய்வுத் தாங்கி, குசெட் பிளேட்டில் (மூட்டில் வைக்கும் இணைப்புத் தகடு) இரண்டு பக்கமும் 6 மி.மீ. ஃபில்லெட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் 112 மி.மீ. நீளம். முனைகளில் வெல்டு முழு அளவு வராது என்பதால், இரண்டு லெக் அளவை (லெக் என்பது வெல்டு முக்கோணத்தின் பக்கம், இங்கே 6 மி.மீ.) கழித்து 100 மி.மீ. எடுக்கவேண்டும். த்ரோட் 0.7 × 6 = 4.2. இரண்டுக்கும் சேர்த்துப் பரப்பு 840 சதுர மி.மீ. பாதுகாப்புக் காரணி சேர்த்த விசை 90 கிலோ நியூட்டன், வெல்டு கோட்டோடு 30 டிகிரியில்.

வெல்டின் நீளவாக்கில் 77.9 கிலோ நியூட்டன், அது 92.8 மெகா பாஸ்கல். குறுக்கே 45 கிலோ நியூட்டன், அது 53.6. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 107. 410 மெகா பாஸ்கல் இழுவலிமையுள்ள எஃகுக்கு, பட்டறையில் போட்ட ஃபில்லெட் வெல்டின் வடிவமைப்பு வலிமை 410 ÷ (√3 × 1.25) = 189. சைட்டில் போட்டது என்றால் 1.25-க்குப் பதில் 1.5, ஆக 158. இரண்டிலும் 107 தாராளமாக அடங்கும்.

குறுக்கே இழுபடும் ஃபில்லெட் நீளவாக்கில் இழுபடுவதைவிட உண்மையில் பலமானது. அமெரிக்க விதிநூலான ஏ.ஐ.எஸ்.சி. 360 நேர் குறுக்கு விசைக்கு 50 சதவீதம் வரை கூடுதல் வலிமையை அனுமதிக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட வெல்டு கொஞ்சமே நீண்டு திடீரென்று விட்டுவிடும், நீளவாக்கு வெல்டைப் போல வளைந்துகொடுக்காது. அதனால் நான் எளிய முறையையே பரிந்துரைக்கிறேன். வெல்டு நீளத்தில் இருபது மில்லிமீட்டர் மிச்சம் பிடிப்பதற்காக இந்தக் கூடுதலை எடுக்க வேண்டாம்.

தகடுகள் ஒன்றோடொன்று செங்கோணத்தில் இல்லை, சாய்ந்து சேர்கின்றன. த்ரோட் 0.7-தானா?

60 முதல் 90 டிகிரி வரை 0.70. அதற்கு மேல் விரிய விரியக் குறையும். ஐ.எஸ். 800 அட்டவணையில் 91–100-க்கு 0.65, 101–106-க்கு 0.60, 107–113-க்கு 0.55, 114–120-க்கு 0.50. அறுபதுக்குக் குறைந்தாலும் 120-ஐத் தாண்டினாலும் சாதாரணக் கணக்கில் ஃபில்லெட்டை நம்பக்கூடாது. குறுகிய கோணத்தில் எலக்ட்ரோடு ரூட் வரை போய்ச் சேராது; விரிந்த கோணத்தில் த்ரோட்டே மிஞ்சாது.

இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு லெக்கும் சமமாக இருந்தால், தகடுகளுக்கு இடைப்பட்ட கோணத்தில் பாதியின் காஸ்தான் த்ரோட் காரணி. 106-இல் பாதி 53, அதன் காஸ் 0.60. 120-இல் பாதி 60, அதன் காஸ் 0.50. அட்டவணை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது அல்லவா? 60 டிகிரியில் இப்படிப் போட்டால் 0.87 வரும், ஆனால் விதிநூல் அதைத் தராமல் 0.70-இலேயே நிறுத்துகிறது. குறுகிய மூலையில் ரூட்டைப் பற்றிய சந்தேகம்தான் காரணம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இழுவைக்குப் பதில் அமுக்கு விசை என்றால்?

சூத்திரம் அதே, குறி மட்டும் மாறும். செங்குத்துத் தகைவு முகங்களை ஒன்றோடொன்று அழுத்தும், சறுக்கல் அப்படியே இருக்கும். அமுக்கில் சறுக்கலால் உடைவது மிகப் பழைய கவலை. கல் தூண் சாய்வான தளத்தில் சறுக்கி உடைவதைப் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் 1773-லேயே கணக்கிட்டுப் பார்த்தார்.

முறுக்கு விசை வரும் குழாயில் சாய்வான வெல்டு?

முதலில் ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். நேராக உடையாது, 45 டிகிரியில் சுருளாக உடையும். முறுக்கு என்பது நேர்வெட்டில் வெறும் ஷியர். ஆனால் 45 டிகிரிச் சாய்வில் அது வெறும் இழுவையாக மாறிவிடுகிறது. சாக்பீஸ் இழுவைக்குப் பலவீனம் என்பதால் அங்கே பிளக்கிறது.

ஸ்பைரல் வெல்டில், முறுக்கினால் வரும் ஷியரை சைன் (2 × சாய்வு)-ஆல் பெருக்கினால் செங்குத்துத் தகைவு, காஸ் (2 × சாய்வு)-ஆல் பெருக்கினால் ஷியர். 28 டிகிரிக்கு 0.83-உம் 0.56-உம். முக்கியமானது, எந்தப் பக்கம் முறுக்குகிறோம் என்பது. ஒரு பக்கம் முறுக்கினால் வெல்டு அழுந்தும், மறு பக்கம் முறுக்கினால் அதே அளவு இழுபட்டுத் திறக்கப் பார்க்கும். இரண்டு பக்கமும் மாறிமாறி முறுக்கு வந்தால் இழுபடும் பக்கத்தை வைத்தே கணக்குப் போடுங்கள்.

மோர் வட்டம் கட்டாயமா?

மோர் வட்டம் என்பது, சாய்வான தளத்தின் தகைவுகளை ஒரு வட்டம் வரைந்து படிக்கும் வழி. ஒரே இழுவிசை என்றால் தேவையில்லை. ஷியரும் சேர்ந்து வரும்போது வட்டம் வரைவது தவறைக் குறைக்கும். 1882-இல் ஓட்டோ மோர் கொடுத்த இந்த வழியில் ஒரே ஒரு எச்சரிக்கை: தகட்டில் 30 டிகிரி என்றால் வட்டத்தில் 60 டிகிரி சுற்றவேண்டும். நம் முதல் கணக்குக்கு மையம் 40, ஆரம் 40. அறுபது டிகிரி சுற்றினால், 40 + 40 × 0.5 = 60; 40 × 0.866 = 34.6.

கணக்கில் வந்த 60 மெகா பாஸ்கல் வெல்டில் எல்லா இடத்திலும் இருக்குமா?

இருக்காது, அது சராசரி. வெல்டு மேடு தகட்டோடு சேரும் ஓரத்திலும், அண்டர்கட் (வெல்டு ஓரத்தில் தகடு உருகி விழுந்த பள்ளம்) விழுந்த இடத்திலும் தகைவு இதைவிடக் கூடுதலாக இருக்கும். விசை ஒரே அளவில் நின்றால், மைல்டு ஸ்டீல் அந்த இடத்தில் கொஞ்சம் நெகிழ்ந்து சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் சராசரியை வைத்து வடிவமைப்பது வேலைக்கு ஆகிறது. ஆனால் விசை லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும் கிரேன் பாலம், அதிரும் இயந்திரத்தின் அடித்தளச் சட்டம் போன்றவற்றில், விரிசல் அந்த ஓரத்திலிருந்துதான் தொடங்கும். அங்கே தகைவின் ஏற்ற இறக்க அளவை எடுத்து, அந்த வெல்டு வகைக்கு விதிநூல் தரும் சோர்வு (திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் விசையால் பலம் குறைவது) வரம்போடு தனியாக ஒப்பிடவேண்டும். வெல்டுக்குச் செங்குத்தாக ஏறி இறங்கும் தகைவுதான் அதில் முதலில் பார்க்கவேண்டியது. அதற்கும் கோணத்தைச் சரியாக எடுத்திருக்க வேண்டும்.